ஏலத்திற்கு வந்த வீடு: மீட்புரிமையும் அதன் கெடு நாள்களும்

நாளிதழ்களின் உட்பக்கங்களில் நெருக்கமான சிறிய எழுத்துகளில் வெளிவரும் ஏல அறிவிப்புகளை நம்மில் பெரும்பாலோர் படிப்பதில்லை. ஒரு பெயர், ஒரு முகவரி, நிலத்தின் நான்கெல்லை, நிலுவைத் தொகை, குறைந்தபட்ச விலை, ஏல நாள் என்ற அளவில் அவை முடிந்துவிடுகின்றன. ஆயினும் அந்த அறிவிப்பு இருவரது வாழ்க்கையைத் தொடுகிறது. ஒருவர் அதில் பெயர் குறிக்கப்பட்டுள்ள சொத்துரிமையாளர். மற்றவர் அச்சொத்தை வாங்க எண்ணுபவர். வீட்டைக் காப்பாற்ற இன்னும் வழி உண்டா என்பது முன்னவரின் கேள்வி. கொடுத்த பணத்திற்கு வீடு நிலைக்குமா என்பது பின்னவரின் கேள்வி. இரண்டிற்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது: உரிமையாளரின் மீட்புரிமை எந்த நாளோடு முடிகிறது என்பதை அறிந்தால் இருவருக்கும் தெளிவு கிடைக்கும்.

கடன் வழங்கும் வங்கியின் இதழில் ஏலத்தைப் பற்றி எழுதுவது சிலருக்கு அச்சமூட்டலாம். அச்சமூட்டுவது நம் நோக்கமன்று. ஏலம் வங்கிக்கும் விருப்பமான முடிவன்று. நீண்ட காலம் பிடிப்பது, செலவு மிகுந்தது, பல வேளைகளில் சந்தை விலையைவிடக் குறைவாகவே பணம் தருவது. கெடுவை அறியாத காரணத்தால் மட்டும் ஒரு குடும்பம் தன் வீட்டை இழக்கக் கூடாது என்பதே இக்கட்டுரை எழுதப்படுவதன் காரணம். நீதிமன்ற ஏலம், வரி நிலுவைக்கான ஏலம், வங்கி நேரடியாக நடத்தும் ஏலம் என்னும் மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக இங்கே காண்போம்.

மீட்புரிமை என்பது என்ன?

ஒருவர் தம் வீட்டை ஈடாக வைத்துக் கடன் பெறும்போது வீடு கைமாறுவதில்லை. கடனுக்கு அது பொறுப்பாக நிற்கிறது, அவ்வளவே. கடனைத் திருப்பிச் செலுத்தியதும் பத்திரங்களைத் திரும்பப் பெறும் உரிமை அவருக்கு உண்டு. 1882ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டத்தின் 60ஆவது பிரிவு இவ்வுரிமையைத் தெளிவாக அளிக்கிறது. கடனைச் செலுத்த வேண்டிய நாள் கடந்துவிட்டதாலேயே இவ்வுரிமை போய்விடாது. "குறித்த நாளில் செலுத்தாவிட்டால் வீடு உங்களுடையது" என்று கடன் வாங்கும்போதே ஒருவர் எழுதிக் கொடுத்திருந்தாலும், அந்த வாசகத்தை நீதிமன்றங்கள் ஏற்பதில்லை. அடமானம் எப்போதும் அடமானமே என்பது நெடுங்காலமாக நிலைத்த கொள்கை.

ஆனால் இவ்வுரிமை முடிவற்றது அன்று. இரு தரப்பாரின் செயலாலோ நீதிமன்றத் தீர்ப்பாணையாலோ அது அற்றுப்போகலாம் என்று அதே 60ஆவது பிரிவு கூறுகிறது. சிறப்புச் சட்டங்கள் வேறு எல்லைகளையும் வகுத்துள்ளன. எனவே "எனக்கு மீட்புரிமை உண்டா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "என் சொத்து எந்தச் சட்டத்தின்கீழ் ஏலத்திற்கு வருகிறது? அச்சட்டம் எனக்கு எந்த நாள்வரை இடம் தருகிறது?" என்று கேட்பதே பயன் தரும்.

நீதிமன்றம் நடத்தும் ஏலம்

பணம் தர வேண்டியவர்மீது வழக்குத் தொடுத்து வெற்றி பெற்றவர் கையில் இருப்பது தீர்ப்பாணை. வழக்கில் இதனை 'டிக்ரி' என்பர். தீர்ப்பாணை கிடைத்த அன்றே பணம் வந்துவிடுவதில்லை. அதன்படி எதிர்த்தரப்பு பணம் செலுத்தாவிட்டால், நிறைவேற்றல் மனு தாக்கல் செய்து சொத்தை ஜப்தி செய்யவும் பின்னர் ஏலத்தில் விற்கவும் கோரலாம். இதற்கான நடைமுறை 1908ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில், 21ஆம் ஆணையில் விதிவிதியாக வகுக்கப்பட்டுள்ளது.

முதலில் சொத்து ஜப்தி செய்யப்படுகிறது. அதன் பின்னர் அதனை விற்கவோ தானம் செய்யவோ உரிமையாளரால் இயலாது. செய்தாலும் அது தீர்ப்பாணை பெற்றவரைக் கட்டுப்படுத்தாது. அடுத்து விற்பனைப் பிரகடனம் தயாரிக்கப்படுகிறது. விற்கப்படும் சொத்து எது, அதன்மேல் உள்ள வில்லங்கங்கள் எவை, எவ்வளவு தொகைக்காக ஏலம் நடக்கிறது, இரு தரப்பாரும் கூறும் மதிப்பு என்ன ஆகிய விவரங்கள் அதில் இடம்பெற வேண்டும். இப்பிரகடனம் நீதிமன்ற அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டு, அசையாச் சொத்தாயின் குறைந்தது 15 நாள்கள் கழிந்த பின்னரே ஏலம் நடைபெறலாம்.

பிரகடனம் தயாரிக்கப்படுவதற்கு முன்னர் உரிமையாளருக்கு நீதிமன்றம் அறிவிப்பு அனுப்பும். அதனைப் பிரிக்காமல் வைத்துவிடுவது பலரும் செய்யும் முதல் தவறு. சொத்தின் மதிப்பைக் குறைத்துக் காட்டியிருந்தால் மறுக்க வேண்டிய வேளை அதுவே. சிறு கடனுக்காகப் பெருஞ்சொத்து முழுவதும் ஏலத்திற்கு வந்திருந்தால் ஆட்சேபம் சொல்ல வேண்டிய வேளையும் அதுவே. கடனைத் தீர்க்கத் தேவையான அளவு சொத்தை மட்டுமே விற்க நீதிமன்றத்திற்கு அதிகாரம் உண்டு என்று 64ஆவது விதி கூறுகிறது. சில ஆயிரம் ரூபாய்க் கடனுக்காக 10 ஏக்கர் நிலத்தை முழுமையாக ஏலம் விட்ட ஒரு வழக்கில், 1989ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் அந்த ஏலத்தை ஏற்கவில்லை. ஒரு பகுதியை விற்றாலே போதுமா என்று ஆராய்வது நீதிமன்றத்தின் விருப்பத்திற்கு விடப்பட்டதன்று, அதன் கடமை என்று அத்தீர்ப்பு கூறியது.

ஏல நாளன்றுகூட ஒரு வாயில் திறந்திருக்கிறது. ஏலம் ஒருவர் பெயரில் முடிவதற்கு முன்னர் கடன் தொகையையும் செலவையும் செலுத்திவிட்டால் ஏலம் நிறுத்தப்பட வேண்டும். முடிந்துவிட்டால், உயர்ந்த விலை கேட்டவர் அவ்விலையில் 25 விழுக்காட்டை அப்போதே கட்ட வேண்டும். எஞ்சிய தொகையை 15ஆவது நாளுக்குள் கட்ட வேண்டும். இவ்விரண்டும் கட்டாயமானவை, நீதிமன்றம் விரும்பினாலும் தளர்த்த இயலாதவை. 1954ஆம் ஆண்டிலேயே உச்ச நீதிமன்றம் இதனை உறுதிசெய்துவிட்டது.

ஏலம் முடிந்த பின்னும் 60 நாள்கள்

ஏலம் முடிந்த உடனே வீடு போய்விட்டது என்று கருதுவோர் பலர். அது சரியன்று. நீதிமன்றம் விற்பனையை உறுதிசெய்யும்வரை விற்பனை முழுமை பெறுவதில்லை. அந்த இடைக்காலத்தில் பணம் செலுத்தி விற்பனையை நீக்கிக்கொள்ள 21ஆம் ஆணையின் 89ஆவது விதி வழி செய்கிறது. ஏலத்தில் பிழை ஏதும் இருந்ததென்று மெய்ப்பிக்க வேண்டியதில்லை. பணத்தைக் கட்டினால் போதும்.

கட்ட வேண்டியவை இரண்டு. முதலாவது, பிரகடனத்தில் குறிக்கப்பட்ட கடன் தொகை. பிரகடனத்திற்குப் பின் கடன்காரர் ஏதேனும் பெற்றிருந்தால் அதனைக் கழித்துக்கொள்ளலாம். இரண்டாவது, ஏல விலையில் 5 விழுக்காடு. இது நல்லெண்ணத்துடன் ஏலத்தில் வாங்கியவருக்கு அவர் அடைந்த ஏமாற்றத்திற்கு ஈடாகத் தரப்படுவது.

ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம். பிரகடனத்தில் குறிக்கப்பட்ட கடன் 12 லட்சம் ரூபாய். ஜூன் 10ஆம் நாள் நடந்த ஏலத்தில் வீடு 40 லட்சம் ரூபாய்க்கு விலைபோனது. ஏலம் எடுத்தவர் அன்றே 10 லட்சம் ரூபாயும், ஜூன் 25க்குள் எஞ்சிய 30 லட்சம் ரூபாயும் கட்ட வேண்டும். உரிமையாளர் வீட்டை மீட்க விரும்பினால், கடன் 12 லட்சம், ஏல விலையில் 5 விழுக்காடான 2 லட்சம், ஆக மொத்தம் 14 லட்சம் ரூபாயை நீதிமன்றத்தில் கட்டி, விற்பனையை நீக்கக் கோரி மனுத் தாக்கல் செய்ய வேண்டும். 60 நாள் கெடு ஆகஸ்டு 9ஆம் நாளோடு முடிகிறது. விற்பனை நீக்கப்பட்டால், ஏலம் எடுத்தவருக்கு அவர் கட்டிய 40 லட்சமும் திரும்பும். கூடுதலாக 2 லட்சமும் கிடைக்கும்.

இங்கே கவனத்தில் கொள்ள வேண்டியவை மூன்று. முதலாவது, பணத்தை உரிமையாளர்தான் கட்ட வேண்டும் என்பதில்லை. சொத்தில் உரிமையோ நலனோ உள்ள எவரும், அவர் சார்பில் செயல்படுவோரும் கட்டலாம். மனைவி, மகன், உடன்பிறந்தார் முன்வந்து ஒரு குடும்பத்தின் வீட்டைக் காக்க இடமுண்டு. இரண்டாவது, தொகை முழுமையாக இருத்தல் வேண்டும். கூட்டலில் நேர்ந்த பிழை, எழுத்துப்பிழை ஆகியவற்றால் ஏற்பட்ட குறைவை மட்டுமே பின்னர் சரிசெய்ய நீதிமன்றம் அனுமதிக்கலாம். "பாதி இப்போது, மீதி அறுவடைக்குப் பின்" என்பதற்கு இடமில்லை. மூன்றாவது, தாமதத்திற்கு மன்னிப்பு இல்லை. வேறு பல வழக்குகளில் தக்க காரணம் காட்டித் தாமதத்தைப் பொறுத்துக்கொள்ளுமாறு கேட்க வகைசெய்யும் காலவரையறைச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, 21ஆம் ஆணையின்கீழ் வரும் மனுக்களுக்குப் பொருந்தாது. நோய், வெளியூர்ப் பயணம், அறியாமை எதுவும் 61ஆவது நாளில் உதவா.

இந்த 60 நாள்களுக்கே ஒரு வரலாறு உண்டு. 1976ஆம் ஆண்டில் காலவரையறைச் சட்டம் திருத்தப்பட்டு, மனுத் தாக்கல் செய்யும் கெடு 30 நாள்களிலிருந்து 60 நாள்களாக உயர்த்தப்பட்டது. ஆனால் பணம் கட்டுவதற்கான கெடு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92ஆவது விதியில் 30 நாள்களாகவே நின்றுவிட்டது. மனுவிற்கு 60 நாள், பணத்திற்கு 30 நாள் என்னும் முரண்பாடு எழுந்தது. பணத்தை 30 நாள்களுக்குள் கட்டியே ஆக வேண்டும் என்று 1990இல் உச்ச நீதிமன்றம் கூறியது. 2001இல் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அக்கருத்தை மாற்றியது. அதன் பின்னர் நாடாளுமன்றம் இயற்றிய திருத்தத்தால், 2002ஆம் ஆண்டு முதல் பணம் கட்டவும் 60 நாள்கள் என்பது விதியிலேயே இடம்பெற்றது. இடைப்பட்ட ஆண்டுகளில் 31ஆவது நாளில் பணத்துடன் வந்தவர்களின் நிலை என்னவாகியிருக்கும் என்று எண்ணிப் பார்த்தால், சட்டத்தில் ஓர் எண்ணின் எடை நமக்கு விளங்கும்.

அடமானக் கடனுக்காகவே தொடரப்பட்ட வழக்காயின் இன்னும் சற்று இடமுண்டு. முதலில் வரும் பூர்வாங்கத் தீர்ப்பாணை பணம் செலுத்த அவகாசம் அளிக்கும். இறுதித் தீர்ப்பாணைக்குப் பின் ஏலம் நடந்திருந்தாலும், விற்பனை உறுதிசெய்யப்படும் நாள்வரை கடனையும், ஏல விலையில் 5 விழுக்காட்டையும் கட்டி மீட்கலாம்.

ஏலம் முறைகேடாக நடந்திருந்தால்

பணம் கட்ட இயலாதவருக்கு 90ஆவது விதி மற்றொரு வழியைத் தருகிறது. ஏலத்தை அறிவித்ததிலோ நடத்தியதிலோ பெரிய முறைகேடு அல்லது மோசடி நேர்ந்திருந்து, அதனால் தமக்குக் குறிப்பிடத்தக்க இழப்பு ஏற்பட்டது என்று மெய்ப்பித்தால் விற்பனை நீக்கப்படும். இதற்கும் கெடு 60 நாள்களே. விலை குறைவு என்ற ஒரே காரணம் போதாது. முறைகேட்டால்தான் விலை குறைந்தது என்று காட்ட வேண்டும். பிரகடனம் தயாரிக்கப்படும்போதே எழுப்பியிருக்கக் கூடிய ஆட்சேபத்தை அப்போது எழுப்பாமல் இருந்துவிட்டு, ஏலம் முடிந்தபின் எழுப்பவும் இயலாது. நீதிமன்ற அறிவிப்பு வந்த நாளிலேயே வழக்கறிஞரைக் காண வேண்டும் என்று நாம் வலியுறுத்துவது இதனால்தான்.

ஒருவர் 90ஆவது விதியின்கீழ் மனுச் செய்திருந்தால், அதனைத் திரும்பப் பெற்ற பின்னரே 89ஆவது விதியின்கீழ்ப் பணம் கட்டி மீட்கலாம். முறைகேட்டு மனு வெல்லும் என்று நம்பி 60 நாள்களையும் கடத்திவிட்டு, பின்னர் பணத்துடன் வந்து நிற்பவருக்கு எந்த வாயிலும் திறந்திராது.

சொத்துவரி நிலுவை

வீட்டுக் கடனை மாதந்தோறும் தவறாமல் கட்டுவோரும் சொத்துவரியை மறந்துவிடுவது உண்டு. தொகை சிறிது, கேட்டு வருவோரும் அடிக்கடி வருவதில்லை. ஆனால் வரி நிலுவைக்குச் சட்டம் தரும் வலிமை பெரிது. மும்பை, தில்லி, அகமதாபாத் முதலிய மாநகராட்சிகளின் சட்டங்கள், சொத்துவரியை அச்சொத்தின்மேல் பாத்தியதையாக ஆக்கியுள்ளன. அரசுக்குரிய நிலவரி ஏதேனும் இருந்தால் அதற்கு அடுத்தபடியாக, மற்றக் கடன்களுக்கு முன்னதாக வரி நிற்கும் என்பதே இத்தகைய ஏற்பாடுகளின் பொதுவான போக்கு.

வரி நிலுவையை வசூலிக்கப் பெரும்பாலும் வழக்குத் தொடர வேண்டியதில்லை. கேட்புச் சீட்டு, அதன் பின் கேட்பு அறிவிப்பு, அதன் பின் ஜப்தி, இறுதியில் விற்பனை என்று உள்ளாட்சியின் சட்டமே படிகளை வகுக்கிறது. சில இடங்களில் நிலவரி பாக்கியைப் போல வருவாய்த்துறை வழியாக வசூலிக்கவும் இடமுண்டு. வருவாய்த்துறை நடத்தும் விற்பனைக்குப் பின் மீட்கும் கெடு, நீதிமன்ற ஏலத்தின் கெடுவைவிடக் குறுகியதாக இருப்பது வழக்கம். சான்றாக, தமிழ்நாட்டில் இன்றும் நடைமுறையில் உள்ள 1864ஆம் ஆண்டின் வருவாய் வசூல் சட்டம், விற்பனை நாளிலிருந்து 30 நாள்களுக்குள் நிலுவையையும் விற்பனை விலையில் 5 விழுக்காட்டையும் கட்டி விற்பனையை நீக்கிக்கொள்ள வழி தருகிறது. நீதிமன்ற ஏலத்தின் 60 நாள்களை மனத்தில் கொண்டு 45ஆவது நாளில் செல்பவர் இங்கே ஏமாற்றமடைவார். எனவே எந்த அலுவலகம், எந்தச் சட்டத்தின்கீழ் அறிவிப்பு அனுப்பியுள்ளது என்பதை அறிவிப்பின் தலைப்பிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

வரி நிலுவை வாங்குபவரையும் தொடுகிறது. அகமதாபாத் நகரில் ஒருவர் நீதிமன்ற ஏலத்தில் ஒரு சொத்தை வாங்கினார். முந்தைய உரிமையாளர் வைத்துச் சென்ற சொத்துவரி நிலுவைக்காக மாநகராட்சி அச்சொத்தின்மேல் நடவடிக்கை எடுத்தது. வழக்கு உச்ச நீதிமன்றம்வரை சென்று 1971இல் முடிவடைந்தது. வரி, சொத்தின்மேல் பாத்தியதை என்று சட்டம் கூறினாலும், அந்நிலுவையைப் பற்றி அறியாமல் விலை கொடுத்து வாங்கியவரிடமும் அதனை வசூலிக்கலாம் என்று வெளிப்படையான விதி வேண்டும். அது இல்லாதபோது சொத்து மாற்றுச் சட்டத்தின் 100ஆவது பிரிவு அவரைக் காக்கும் என்று நீதிமன்றம் கூறியது. வாங்குபவருக்கு நிலுவை தெரிந்தே இருக்க வேண்டும் என்று தானாக அனுமானிக்க இயலாது என்றும் விளக்கியது.

இத்தீர்ப்பை நம்பி வரி விவரம் கேளாமல் வாங்கிவிடலாம் என்று யாரும் எண்ண வேண்டா. அது அந்தச் சட்டத்தின் வாசகத்தையும் அந்த வழக்கின் நிகழ்வுகளையும் ஒட்டிய முடிவு. ஏல அறிவிப்பில் நிலுவை குறிக்கப்பட்டிருந்தாலோ, விசாரிக்கும் வாய்ப்பிருந்தும் விசாரிக்காமல் விட்டிருந்தாலோ, "எனக்குத் தெரியாது" என்னும் வாதம் நில்லாது. மேலும், வரி நிலுவை பதிவு செய்யப்படும் ஆவணமன்று. ஆதலால் வில்லங்கச் சான்றிதழில் அது தென்படாது. உள்ளாட்சி அலுவலகத்தில் சொத்துவரி எண்ணைக் கொடுத்து நிலுவையின்மையை எழுத்தில் பெறுவதே வழி. மின்கட்டண நிலுவையையும் இவ்வாறே விசாரிக்க வேண்டும். சொத்தை "உள்ளது உள்ளவாறு" வாங்கியவரிடம் முந்தைய உரிமையாளரின் மின்கட்டண நிலுவையைக் கோர விதிகள் இடம் தரலாம் என்று உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்தில் தீர்ப்பளித்துள்ளது.

வங்கி நேரடியாக நடத்தும் ஏலம்

இதுவரை கண்டவற்றில் ஏலத்திற்குப் பின்னரும் சில நாள்கள் இருந்தன. இனிக் காணப்போவதில் அந்நாள்கள் இல்லை. வாடிக்கையாளர்கள் மிகுதியும் சந்திக்கக் கூடியது இதுவே என்பதால், இப்பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம்.

2002ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட சர்ஃபாசி சட்டம், நீதிமன்றத் தீர்ப்பாணை இல்லாமலே ஈட்டுச் சொத்தை விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்கு அளிக்கிறது. தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்று, கணக்கு வாராக்கடனாக வகைப்படுத்தப்பட்ட பின், 13ஆவது பிரிவின் 2ஆம் உட்பிரிவின்கீழ் வங்கி அறிவிப்பு அனுப்பும். 60 நாள்களுக்குள் முழு நிலுவையையும் செலுத்துமாறு அது கோரும். கடன் பெற்றவர் ஆட்சேபம் தெரிவித்தால், வங்கி 15 நாள்களுக்குள் காரணத்துடன் பதில் தர வேண்டும். 60 நாள்கள் கழிந்தும் தொகை வராவிட்டால் சொத்தின் உடைமையை வங்கி எடுத்துக்கொள்ளலாம். அந்நடவடிக்கையில் குறை இருந்தால் 45 நாள்களுக்குள் கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். விவசாய நிலத்திற்கும், 1 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடனுக்கும், அசலும் வட்டியும் சேர்ந்த தொகையில் 20 விழுக்காட்டிற்கும் குறைவாக நிலுவை உள்ள கடனுக்கும் இச்சட்டம் பொருந்தாது.

தொடக்கத்தில் இச்சட்டம், விற்பனைக்குக் குறிக்கப்பட்ட நாளுக்கு முன்னர்வரை நிலுவையைச் செலுத்தி மீட்கலாம் என்று கூறியது. விற்பனை முழுமை பெறும்வரை மீட்கலாம் என்று பலரும் இதனைப் பொருள்கொண்டனர். 2016ஆம் ஆண்டின் திருத்தம் இதனை மாற்றியது. செப்டம்பர் 1, 2016 முதல், பொது ஏலத்திற்கான அறிவிப்பு வெளியிடப்படும் நாளுக்கு முன்னரே நிலுவை முழுவதையும், செலவுகளையும் சேர்த்துச் செலுத்த வேண்டும். வீட்டை இழக்கும் அபாயம் ஏல நாளிலிருந்து அறிவிப்பு நாளுக்கு முன்நகர்ந்துவிட்டது.

இத்திருத்தத்தின் கடுமை 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்பில் வெளிப்பட்டது. ஏலத்தில் ஒருவர் ஏறத்தாழ 105 கோடி ரூபாய்க்கு ஒரு சொத்தை எடுத்திருந்தார். அதன் பின்னர், கடன் பெற்ற நிறுவனம் 129 கோடி ரூபாய் செலுத்தி மீட்க முன்வந்தது. வங்கிக்கு அதில் கூடுதல் பணம் கிடைக்கும் என்பதால் உயர் நீதிமன்றம் அனுமதித்தது. உச்ச நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. ஏல அறிவிப்பு வெளியான நாளோடு மீட்புரிமை முடிந்துவிட்டது என்றும், சட்டப்படி நடந்த ஏலத்தின் உறுதித்தன்மையைக் காப்பது இன்றியமையாதது என்றும் கூறிற்று. கூடுதலாக 24 கோடி ரூபாய் கையில் இருந்தும், நாள் கடந்துவிட்டதால் சொத்து திரும்பவில்லை.

ஒருமுறைத் தீர்வு என்னும் சலுகைத் திட்டத்தைப் பற்றியும் ஒரு சொல். அதற்கு விண்ணப்பித்திருப்பதாலேயே ஏல நடவடிக்கை தானாக நின்றுவிடாது. அதனை உரிமையாகக் கோர இயலாது என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியுள்ளது. எனவே விண்ணப்பத்தின் நிலையை எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். வாய்மொழி உறுதிகளை நம்பி நாள்களைக் கடத்தலாகாது.

கடல் கடந்த ஓர் ஒப்பீடு

கெடுவை எங்கே வைப்பது என்பது ஒவ்வொரு நாட்டின் தேர்வு. அமெரிக்காவின் பல மாநிலங்களில் சொத்துவரி நிலுவைக்காக நீதிமன்ற ஆணை பெற்று வீடு விற்கப்படுகிறது. டெக்சாஸ் மாநிலத்தில், அவ்வாறு விற்கப்பட்டது உரிமையாளர் குடியிருக்கும் வீடாயின், வாங்கியவரின் பத்திரம் பதிவான நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மீட்கலாம். ஆனால் வாங்கியவருக்கு முதலாண்டில் 25 விழுக்காடும், இரண்டாமாண்டில் 50 விழுக்காடும் கூடுதலாகத் தர வேண்டும். காலம் நீள்கிறது, விலையும் ஏறுகிறது.

உபரித் தொகையைப் பற்றிய ஒரு பாடமும் அங்கிருந்து கிடைக்கிறது. மின்னசோட்டா மாநிலத்தில் ஒரு மூதாட்டியின் குடியிருப்பு, ஏறத்தாழ 15,000 டாலர் வரிக்கடனுக்காக எடுத்துக்கொள்ளப்பட்டு 40,000 டாலருக்கு விற்கப்பட்டது. மீதம் 25,000 டாலரையும் உள்ளாட்சியே வைத்துக்கொண்டது. இது அரசியலமைப்பிற்கு முரணானது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2023 மே மாதத்தில் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. நம் நாட்டில் சர்ஃபாசி சட்டத்தின் 13ஆவது பிரிவே, கடனும் செலவும் போக எஞ்சியது உரியவருக்குச் சேர வேண்டும் என்று கூறுகிறது. நீதிமன்ற ஏலத்திலும் எல்லாக் கடன்களும் தீர்ந்தபின் எஞ்சுவது உரிமையாளருடையதே. நமது எடுத்துக்காட்டில் வீடு மீட்கப்படாமல் போயிருந்தால், 40 லட்சத்தில் கடனும் செலவும் போக ஏறத்தாழ 28 லட்சம் ரூபாய் உரிமையாளருக்குச் சேர வேண்டியதாகும். வீட்டை இழந்த மனவேதனையில் அத்தொகையைக் கேளாமல் விட்டுவிடுதல் கூடாது.

செய்ய வேண்டியவை

கடன் பெற்றோர் முதலில் தம் முகவரியையும் கைப்பேசி எண்ணையும் வங்கியிலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் மாறாமல் காக்க வேண்டும். பழைய முகவரிக்குச் சென்ற அறிவிப்பால் ஓடிய நாள்கள் திரும்பி வாரா. எந்த அறிவிப்பு வந்தாலும் பெற்ற நாளை அதன் மேலேயே எழுதி, எந்தச் சட்டம், எந்தப் பிரிவு, எவ்வளவு தொகை, எந்த நாள் கெடு என்னும் நான்கையும் தனித்தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். மீட்பதற்கு உறவினரிடம் பணம் கேட்பதாயினும், வேறொரு மனையை விற்பதாயினும், அதற்கும் காலம் வேண்டும் என்பதை எண்ணி முன்னதாகவே தொடங்க வேண்டும். வங்கி ஏலமாயின் 60 நாள் அறிவிப்பு வந்த வாரத்திலேயே கிளை மேலாளரைச் சந்திப்பது நன்று. அப்போது தவணையை மாற்றியமைப்பது, சொத்தை உரிமையாளரே நல்ல விலைக்கு விற்றுக் கடனைத் தீர்ப்பது போன்ற வழிகளைப் பேச இயலும். ஏல அறிவிப்பு அச்சேறிய பின் பேச எஞ்சியிருப்பது மிகச் சிலவே.

ஏலத்தில் வாங்குவோர் வில்லங்கச் சான்றிதழோடு நின்றுவிடாமல் சொத்துவரி, குடிநீர்க் கட்டணம், மின்கட்டணம் ஆகியவற்றின் நிலுவையையும் அறிந்து, அவற்றையும் விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும். நீதிமன்ற ஏலமாயின் 60 நாள்கள் கழிந்து, விற்பனை உறுதிசெய்யப்பட்டு, சான்றிதழ் கைக்கு வரும்வரை வீட்டைப் பழுதுபார்ப்பதிலோ விரிவாக்குவதிலோ பணத்தைப் போடாதிருப்பது அறிவுடைமை.

நீதிமன்ற ஏலத்தில் விற்பனைக்குப் பின் 60 நாள். வருவாய்த்துறை விற்பனையில் பெரும்பாலும் 30 நாள். வங்கி ஏலத்தில் அறிவிப்பு வெளியாவதற்கு முந்தைய நாள். இம்மூன்றையும் நினைவில் வைத்திருப்பவர், தம் வீட்டிற்கு மட்டுமன்றி, அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு யாரிடம் கேட்பது என்று தெரியாமல் நிற்கும் அண்டை வீட்டாருக்கும் தக்க வேளையில் உதவக் கூடியவர்.